சாவா மூவா வீடுகள்

நான் பிறந்து வளர்ந்த இடத்தில் இப்போது ஒரு நாள் தங்க 700 ரூபாய் வாங்குகிறார்கள். 2010-ஆம் ஆண்டில் அதே இடத்தில் எங்கள் ஒரு மாத வாடகை 900 ரூபாய்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் போய்விடலாம். லைன் வீடு. தெருவிலிருந்து உள்ளே நுழைந்தால் நீளமாக ஒரு நடை. அதன் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வரிசையாக எட்டுக் குடித்தனங்கள். ஆளுக்கோர் அறை, அதை ஒட்டி ஒரு சமையல் மூலை. நடையின் கடைசியில் கிணறு, துவைக்கும் கல், இரண்டு குளியலறை, இரண்டு கழிப்பறை. கூரை மங்களூர் ஓடு. கத்திரி வெயில் காலத்தில் அந்த ஓடு இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். எல்லாக் குடும்பமும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நடைக்கு வந்துவிடுவோம். ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால் இருக்கும்.

அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுவார். ஈரம் காயாத இலையைத் தகட்டளவு வைத்துக் கத்தரித்து, தூள் போட்டுச் சுருட்டி, முனை மடித்து, நூல் கட்டி, முறத்தில் அடுக்குவார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா லாங் பஜாரில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுபவர். பக்கத்து அறையில் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்த அக்கா. அவருக்கு விடியற்காலை ஐந்தரைக்கு ஷிப்ட். அதற்கடுத்து தோல் பைகளை வாங்கிவந்து வீட்டில் தைத்துக் கொடுக்கும் ஒரு பாய் குடும்பம். நடையின் வாசலில் காலை ஆறு மணிக்கு இட்லிக் குண்டானைத் திறக்கும் பெரியம்மா. அவரிடம் வாங்கிச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் நோயாளியோடு வந்தவர்கள். "தோ இட்லி, ஏக் வடை" என்று கேட்கப் பெரியம்மா கற்றுக்கொடுத்திருந்தார்.

வீட்டுக்கார ஆயா முதல் அறையில் இருந்தார். கணவர் கட்டிய வீடு. எட்டாவது அறையை மட்டும் அவர் நிரந்தரக் குடித்தனத்துக்கு விடவில்லை. வெளியூர் நோயாளிகளுக்கு வாரக் கணக்கில் கொடுப்பார். ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஒரு குடம் உள்ளே வைத்திருப்பார். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது ஆயாவின் நோட்டில் வாடகை வரவு எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. ஒரு முறை, "நீங்கள் தர்மம் செய்கிறீர்கள் ஆயா" என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது தர்மம் இல்லை கண்ணு, வாடகை. வாடகை கொடுக்கிறவன் என்னிடம் வந்து ஓடு உடைந்திருக்கிறது, மாற்றிக் கொடு என்று சண்டை போடலாம். தர்மம் வாங்குகிறவன் போட முடியுமா?"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதியை ஆயா அன்றே சொல்லிவிட்டார்.

ஆயா 2008-இல் இறந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்று ஊர்களில். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்குத் தொழிலில் கடன், ஒருவருக்குத் தன் பங்கு தன் கைக்கு வந்தால் போதும். மற்ற இருவருக்கும் பணம் கொடுத்து வீட்டைத் தானே வைத்துக்கொள்ளும் வசதி மூவரில் எவருக்கும் இல்லை. பாகப்பிரிவினை என்றாலே விற்பனை என்றாகிவிட்டது. 2011-இல் விற்றார்கள். மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள், அட்வான்ஸைக் குறையாமல் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கியவர் ஓட்டைப் பிரித்து, கிணற்றை மூடி, நான்கு மாடி எழுப்பினார். நோயாளிகள் தங்கும் லாட்ஜ். ஆயா ஓர் அறையில் செய்ததை அவர் நாற்பது அறையில் செய்கிறார் என்று சொல்லலாம். ஆனால் மற்ற ஏழு அறைகள் எங்கே போயின?

லாட்ஜ்களைப் பழித்து எழுத எனக்கு மனம் வராது. ரத்தப் புற்றுநோய் உள்ள பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்குகிறவருக்கு அன்று இரவே ஓர் அறை வேண்டும். இந்த ஊருக்கு அவர்கள் வருவது ஊரின் பெருமை. வேலூரை உலகறியச் செய்ததும் ஒரு கொடைதான். 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரே ஒரு படுக்கையோடு இங்கே வைத்தியம் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர்தான் 1902-இல் 40 படுக்கை மருத்துவமனையாயிற்று. எங்கோ ஒருவர் கொடுத்த பணம் நூற்றிருபது ஆண்டுக்கு மேலாக இங்கே உயிரோடு இருக்கிறது. அந்த மருத்துவமனையைச் சுற்றி வேலை செய்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், இட்லி விற்கிறவர்கள், இரவில் வாசலில் காவல் நிற்கிறவர்கள் எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு மட்டும் அப்படி ஒரு பணம் இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் குடித்தனங்களில் டவுனுக்குள்ளேயே வேறு வீடு பிடித்தது இரண்டு மட்டும். துப்புரவு வேலை பார்த்த அக்கா அரியூருக்கு அப்பால் போனார். ஐந்தரை மணி ஷிப்டுக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. அவர் மகன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனான், பத்தாம் வகுப்போடு நின்றான். பாய் குடும்பம் மேல்விஷாரத்தில் உறவினர் வீட்டருகே போய்விட்டது. இட்லிப் பெரியம்மா காட்பாடிப் பக்கம் போனார். அங்கேயும் அவருக்கு மாவு அரைக்கத் தெரியும், குண்டான் இருந்தது. இந்தியில் இட்லி கேட்கிறவர்கள்தான் இல்லை. இட்லி வியாபாரத்தின் மூலதனம் அந்த வாசல்தான் என்பது வாசலை விட்டுப் போன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் சத்துவாச்சாரியில் ஒரு மாடிப் போர்ஷனுக்குப் போனோம். வாடகை 2,500. அப்பாவின் சம்பளத்தில் பாதி.

நான் சென்னையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அறக்கட்டளைகளின் கணக்குகள் என் மேஜைக்கு வரும். அதனால்தானோ என்னவோ, அந்த விற்பனைக் கணக்கை என்னால் மறக்கவே முடியவில்லை. தெருவில் பேசிக்கொண்ட விலை 70 லட்சம். எட்டு அறையும் மாதம் 900 வீதம் கொடுத்தாலும் ஆண்டுக்கு 86,400 ரூபாய். வீட்டு வரி, ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது, கழிப்பறைத் தொட்டி சுத்தம் செய்வது எல்லாம் போகக் கையில் நிற்பது 60,000 என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் எல்லோரும் சேர்ந்து 70 லட்சத்தை 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 8,40,000. எட்டாத உயரம். அந்த 60,000 ரூபாயால் தாங்க முடிந்தது 2 சதவீத வட்டியில் 30 லட்சம் கடனை மட்டும்தான். அதுவும் வட்டிக்குத்தான் சரியாகும். அசலுக்கு இன்னும் அவகாசம் வேண்டும். ஆக, 40 லட்சம் யாராவது திரும்பக் கேட்காமல் கொடுத்து, 30 லட்சம் அவசரப்படாத கடனாகவும் கொடுத்திருந்தால் அந்த நடை இன்றும் இருந்திருக்கும். முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல். அந்தப் பணத்தில் அந்தப் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான்.

என் மேஜையைத் தாண்டிப் போகும் நன்கொடைகளில் 40 லட்சம் அபூர்வமான தொகை இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணம் பள்ளிக் கட்டடமாகிறது, குடிநீர் இயந்திரமாகிறது, மரக்கன்றாகிறது. எல்லாம் தேவைதான். ஆனால் எதைக் கேட்டாலும் "புதிதாக என்ன கட்டப் போகிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. ஏற்கெனவே இருப்பதைப் போகாமல் பிடித்துக்கொள்வதற்குப் பணம் கொடுங்கள் என்று கேட்டால், கொடுப்பவரின் கண்ணில் எதுவுமே நடக்காதது போல இருக்கிறது. மார்ச் மாதம் எட்டுக் குடும்பம் இருந்தது, அடுத்த மார்ச்சிலும் அதே எட்டுக் குடும்பம் இருக்கிறது. அறிக்கையில் போட முன்னும் பின்னுமாக இரண்டு படங்கள் கிடைக்காது. இரண்டு படமும் ஒன்றாகவே இருப்பதுதான் அங்கே சாதனை.

இதை நம் முன்னோர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். சின்ன வயதில் அப்பாவோடு திருவல்லம் கோயிலுக்குப் போனபோது சுவரில் கல்வெட்டுகளைக் காட்டி, "இதெல்லாம் அந்தக் காலத்து நன்கொடை ரசீது" என்றார். பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய ஒருவர் கொடை கொடுத்தால், எண்ணெயாகக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார். பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றை மன்றாடிகள் என்னும் இடையர்கள் ஏற்று மேய்ப்பார்கள். நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வரும், கிழடானால் இளசு வரும். கணக்கில் 96 என்பது 96 ஆகவே நிற்கும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாதவை, மூப்படையாதவை. கொடை எதுவரை செல்லும் என்பதற்குச் 'சந்திராதித்தவல்' என்று எழுதினார்கள்: சந்திரனும் சூரியனும் உள்ள வரை.

ஒரு வாடகை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வீடு ஆட்டு மந்தை. வாடகை நெய். ஓடு உடைந்தால் ஓடு, குடித்தனம் போனால் குடித்தனம் அந்த இடத்துக்கு வர வேண்டும். யாரும் மந்தையை விற்றுத் தின்னக் கூடாது. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. திருவல்லத்தில் வெட்டித்தானே வைத்திருக்கிறார்கள்.

இப்படிச் செய்து காட்டிய ஊர்கள் உலகத்தில் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யாக்கோப் ஃபுக்கர் என்ற பெருவணிகர் 1521-இல் ஏழைகளுக்காக ஏற்படுத்திய ஃபுக்கராய் குடியிருப்பு இன்றும் குடித்தனங்களோடு இருக்கிறது. ஆண்டு வாடகை இன்றைய பணத்தில் 88 யூரோ சென்ட், அத்துடன் நாள்தோறும் மூன்று பிரார்த்தனை. ஐந்நூறு ஆண்டாக உழக்கு நெய் அளக்கப்படுகிறது. லண்டனில் ஜார்ஜ் பீபடி என்ற அமெரிக்க வணிகர் 1862-இல் ஒன்றரை லட்சம் பவுண்டு கொடுத்துத் தொடங்கிய அறக்கட்டளை இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் பராமரிக்கிறது. ஆனால் தொடக்கத்தில் அங்கே நிரந்தர வேலையும் ஒழுங்கான வருமானமும் உள்ளவர்களே இடம்பிடித்தார்கள். அன்றாடங்காய்ச்சிகள் எட்டியே நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் மனத்துக்கு நெருக்கமானவர் ஆக்டேவியா ஹில். அவர் தொடங்கியது புதிதாகக் கட்டுவதில் அல்ல. 1865-இல் லண்டன் மேரிலபோன் பகுதியில் இடிந்து கிடந்த மூன்று வீடுகளை, குடித்தனக்காரர்கள் உள்ளே இருக்கும்போதே எடுத்து நடத்தத் தொடங்கினார். வாங்கப் பணம் கொடுத்தவர் ஜான் ரஸ்கின். காந்தியடிகள் தம் வாழ்க்கையை மாற்றியவர் என்று குறிப்பிட்ட அதே ரஸ்கின். போட்ட பணத்துக்கு 5 சதவீதம் வருமானம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஹில் வாரந்தோறும் வீடு வீடாகப் போய்த் தம் கையால் வாடகை வசூலித்தார். பழுதுபார்க்க ஒரு தொகையை ஒதுக்கி வைப்பார். உடைசல் குறைந்து அதில் பணம் மிஞ்சினால், அதைக் கொண்டு என்ன வசதி செய்துகொள்வது என்று குடித்தனக்காரர்களே முடிவு செய்யலாம். வாடகையில் அவர் கறாராக இருந்தார், தவணை தவறியவர்களை வெளியேற்றவும் செய்தார். அந்தக் கறார் எனக்கு முழுதும் உடன்பாடில்லை. ஆனால் ஓட்டை உடைத்தது யார் என்று சண்டை போடக்கூடிய இடத்தில் குடித்தனக்காரரை வைத்ததில் அவருக்கும் எங்கள் ஆயாவுக்கும் வேறுபாடு இல்லை.

இந்த வேலைக்குத் தேவையான பணம் எப்படிப்பட்டது என்பதை அமெரிக்க அனுபவத்திலிருந்துதான் தெளிவாகக் கற்றுக்கொண்டேன். அங்கே குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடு கட்டுகிறவர்களுக்கு 1986 முதல் வரிச் சலுகை உண்டு. பதிலுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகள் வாடகையைக் குறைவாகவே வைத்திருக்க வேண்டும். ஆண்டுகள் முடிந்தால் உரிமையாளர் விரும்பிய விலைக்கு விடலாம், விற்கலாம். எந்தச் சலுகையும் பெறாமல் பழசாகிப் போனதாலேயே மலிவாக இருக்கும் கட்டடங்களும் ஏராளம். நம் லைன் வீடுகளைப் போல. இரண்டு வகையும் விலை ஏறும்போது கைமாறி மறைந்துவிடுகின்றன. சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட மெக்ஆர்தர் அறக்கட்டளை, 2000-த்துக்குப் பிறகு, இருக்கும் வாடகை வீடுகளைக் காப்பாற்றுவதற்கென்றே 15 கோடி டாலர் அளவில் ஒரு திட்டம் நடத்தியது. அதில் பெரும் பங்கு தானமாகப் போகவில்லை. குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடனாக, லாப நோக்கமில்லாத வீட்டமைப்புகளுக்குப் போனது. அவர்கள் அந்தப் பணத்தைக் கையில் வைத்திருந்து, ஒரு கட்டடம் விலைக்கு வருகிறது என்றதும் முன்பணம் கொடுத்து வாங்கினார்கள். பிறகு வங்கிக் கடனும் அரசு உதவியும் வந்து சேர்ந்ததும், முன்பணம் வெளியே வந்து அடுத்த கட்டடத்துக்குப் போனது. அறக்கட்டளை தன் நோக்கத்துக்காக இப்படிக் கடன் கொடுப்பதை அந்த நாட்டு வரிச் சட்டம் 1969-லேயே ஏற்றுக்கொண்டது.

எங்கள் வீட்டுக்கும் இதுதான் தேவைப்பட்டது. பாகப்பிரிவினை நாளன்று எதிரே நிற்கக்கூடிய பணம். ஆயாவின் பிள்ளைகளிடம் லாட்ஜ்காரர் வந்தது ரொக்கத்தோடு. அவரிடம் இருந்த வேகம் எந்தத் தர்மத்திடமும் இல்லை. ஒரு நன்கொடை விண்ணப்பம் கூட்டத்துக்குப் போய், குழுவுக்குப் போய், அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப் போவதற்குள் கிணறு மூடப்பட்டிருக்கும்.

அதே 1969-இல் இன்னொன்றும் நடந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில், குடிமை உரிமைப் போராட்டத்தில் நின்றதற்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட கறுப்பின விவசாயிகளுக்காக 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். நிலம் பொதுவில் நிற்கும், யாரும் விற்க முடியாது. குடியிருப்பவர்களும் பயிரிடுபவர்களும் குத்தகையாக அனுபவிப்பார்கள். அமெரிக்காவின் முதல் சமுதாய நில அறக்கட்டளை என்று அதைச் சொல்கிறார்கள். அதைத் தொடங்கியவர்களுக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று நம் கிராமதான இயக்கம். 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபா பாவே நூறு ஏக்கரைத் தானமாகப் பெற்றாரே, அந்தப் பூதானத்தில் கிளைத்து, கிராமம் முழுவதையும் பொதுவில் வைப்பதாக வளர்ந்ததுதான் கிராமதானம். நம் மண்ணில் முளைத்த யோசனை கடல் கடந்து போய் வீட்டு வாடகைக்கு வழியாயிற்று. ஜார்ஜியா நிலம் 1985-இல் கடனில் மூழ்கிக் கைவிட்டுப் போனது. கொடையில்லாமல் கடனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் பாடம். ஆனால் அந்த வழியில் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1984-இல், நகராட்சி கொடுத்த இரண்டு லட்சம் டாலரில் தொடங்கிய அறக்கட்டளை இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாடகை வீடுகளை வைத்திருக்கிறது. பூதானம் பிறந்த நாட்டில், வேலூரில், ஒரு லைன் வீட்டை அப்படிப் பொதுவில் வைக்க முடியாதா?

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. கம்பெனிகளின் சமூகப் பணி நிதியில் வாங்கும் சொத்தைப் பதிவு பெற்ற பொது அறக்கட்டளை தன் பெயரில் வைத்திருக்கலாம் என்று 2021-இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. செலவிடத்தக்க பணிகளின் பட்டியலில் சேரிப் பகுதி மேம்பாடு 2014 முதல் இருக்கிறது. பெண்களுக்கான இல்லங்கள், விடுதிகள் இருக்கின்றன. குறைந்த வாடகைக் குடித்தனம் என்ற சொல்தான் இல்லை. மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டமும் காலியாகக் கிடக்கும் அரசு வீடுகளைத் திறந்துவிடுவதையும் புதிதாகக் கட்டுவதையும்தான் பேசியது. ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற, தனியாருக்குச் சொந்தமான, ஓடு போட்ட பழைய வரிசை வீடு எந்தத் திட்டத்தின் கண்ணிலும் படவில்லை. ஆனால் நகரத்து ஏழைகளில் பலர் குடியிருப்பது அங்கேதான்.

வாடகைச் சட்டத்தை மட்டும் நம்பவும் முடியாது. தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகை நிர்ணயம் என்று ஒன்று வைத்திருந்தது. பலருக்கு அது பாதுகாப்பாக இருந்தது. வீட்டை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று பூட்டியே வைத்தவர்களும் இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கும் மேல். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதுவதே வாடகை. எழுதுவதும் பதிவதும் நல்லதுதான். விற்கப் போகிற வீட்டுக்கு எந்த ஒப்பந்தமும் அணை போடாது.

என்னை உறுத்தும் கேள்விகளும் இருக்கின்றன. அறக்கட்டளை வாங்கிவிட்டால் அடுத்த குடித்தனக்காரரை யார் தேர்ந்தெடுப்பது? எங்கள் ஆயா என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கவில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் அப்படி இல்லை. துப்புரவு வேலை என்றதும் கதவை மூடியவர்களை அந்த அக்கா வீடு தேடி அலைந்த மூன்று மாதத்தில் நான் கண்ணால் பார்த்தேன், அவரோடு நடந்தேன். ஒரு வீட்டில், "காலியில்லை" என்றார்கள். வாசலில் டு-லெட் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அறப்பணம் வாங்கும் வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கக் கூடாது என்பதை ஆவணத்திலேயே எழுத வேண்டும். குடித்தனக்காரர் இருவராவது நிர்வாகத்தில் உட்கார வேண்டும். வாடகை ஆண்டுக்கு எவ்வளவு ஏறலாம் என்பதையும் எழுத வேண்டும். ஏறவே கூடாது என்பவர்களோடு நான் சேர மாட்டேன். ஏறாத வாடகையில் ஓடு ஒழுகும், கழிப்பறை அடைத்துக்கொள்ளும், பத்து வருடத்தில் கட்டடமே ஆளை வெளியேற்றிவிடும். கோயில் மனையிலும் வக்ஃப் மனையிலும் அடிமனை வாடகை பல காலம் பெயரளவுக்கு நின்றதால், பராமரிப்பும் பெயரளவுக்கே நின்ற இடங்களைப் பார்த்திருக்கிறேன். நெய் அளக்காவிட்டால் ஆடும் மிஞ்சாது.

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு வேலூருக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பும்போது, பழைய தெரு வழியாகப் போகலாம் என்றார் அம்மா. லாட்ஜுக்கு நான்கு வீடு தள்ளி இன்னொரு லைன் வீடு இன்னும் இருக்கிறது. ஆறு குடித்தனம். வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டிய பெரியவர், வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "பீடி சுற்றுவாயே, இந்தப் பெண்தானே நோட்டு எழுதும்?" என்றார். மாதம் இருவர் வந்து விலை கேட்பதாகச் சொன்னார். அவர் இருக்கும் வரை கொடுக்க மாட்டாராம். அதற்குப் பிறகு நான்கு பிள்ளைகள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். இந்தக் கட்டுரையில் எழுதியதில் பாதியை அந்தத் திண்ணையிலேயே சொன்னேன். ஆடுகள் கதையைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை தாயி. சந்தை விலை கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களை அப்படியே விடுகிறவர் யாராவது இருந்தால், நான் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்" என்றார்.

ஊர் திரும்பி, எனக்குத் தெரிந்த மூன்று அறக்கட்டளைகளுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து, தங்கள் பணிப் பட்டியலில் இது வராது என்று பதில். ஒன்றிலிருந்து இன்னும் பதில் இல்லை. மூன்றாவதில் பொறுப்பில் இருப்பவர் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினார். குடித்தனக்காரர்கள் யார் யார், எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கணக்காகக் கேட்டார். இரண்டு வாரத்தில் தருகிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி வேலூர் போனேன். பெரியவர் உள்ளே போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து வாடகை நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினேழு நோட்டு. முதல் நோட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே 1974 தை மாதம், ஆறு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே 12 ரூபாய். அதில் ஒரு குடும்பத்தின் பேத்தி இப்போதும் மூன்றாவது அறையில் இருக்கிறார். மருத்துவமனை வளாகத்தில் இரவுப் பணிக்குப் போகிறவர், அப்போதுதான் தூங்கி எழுந்து வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து பெயர்களைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். பெரியவர் பக்கத்தில் அமர்ந்து, கண் தெரியாத இடங்களில், அது யார், எந்த ஆண்டு வந்தார், எங்கே போனார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.